ட்ராக் வண்டிக்கு சஸ்பென்ஷன் செட்டப்: செட்டிநாட்டிலிருந்து கிளம்பும் முன்பும் போன பிறகும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ட்ராக்கில் வண்டி ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் போவது கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்குத்தான். ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய எஸ். கரிவர்தன் பெயரில் அமைந்த, சுமார் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள ட்ராக் அது. இன்னும் நீளமானது வேண்டுமென்றால் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை, 3.7 கிலோமீட்டர். எந்தப் பக்கம் போனாலும் பயணமே பாதி நாளைத் தின்றுவிடும். அங்கே போனால் கிடைப்பது 15, 20 நிமிடங்களாகப் பிரித்துத் தரும் சில செஷன்கள். அந்த நேரத்தில் வண்டிக்கு அடியில் படுத்து அளந்துகொண்டிருக்க முடியாது. அதனால் அளக்கிற வேலை முழுவதையும் ஊரிலேயே முடித்துவிடுங்கள். ட்ராக்கில் வண்டி என்ன சொல்கிறது என்று கேட்க மட்டும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை அந்த வரிசையிலேயே போகும்.

உங்களிடம் இருப்பது பழைய ஸ்விஃப்ட், போலோ போன்ற ஹேட்ச்பேக் என்று வைத்துக்கொள்கிறேன். முன்சக்கர இழுவை, முன்னால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கிக்கொடுக்கும் உத்திரம்), எடை ஏறத்தாழ ஒரு டன். எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்னால் இருப்பதால் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் முன் அச்சில் உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப வண்டியின் மூக்கு வளைவுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனால் அது அண்டர்ஸ்டியர். பின்பக்கம் முதலில் வழுக்கி வால் வீசினால் ஓவர்ஸ்டியர். இந்த வகை வண்டிகள் கம்பெனியிலிருந்து வரும்போதே அண்டர்ஸ்டியர் பக்கம் சாய்த்துத்தான் வருகின்றன. சாதாரண ஓட்டுநருக்கு அதுதான் பாதுகாப்பு.

முதலில் ஒரு கணக்கு

ஸ்பேனரைத் தொடும் முன் இதைப் புரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

வளைவில் திரும்பும்போது உள்பக்க டயர்களிலிருந்து எடை கழன்று வெளிப்பக்க டயர்களுக்குப் போகிறது. எவ்வளவு போகும் என்பதை வண்டியின் எடை, எடை மையத்தின் உயரம், இடது வலது டயர்களுக்கு இடையே உள்ள அகலம், வளைவின் வேகம் ஆகியவை தீர்மானிக்கின்றன. 1,000 கிலோ வண்டி, எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர், அகலம் 1.45 மீட்டர், வளைவில் 0.9 ஜி (வண்டி எடையின் 0.9 மடங்கு பக்கவாட்டு விசை) என்று எடுத்துக்கொண்டால் சுமார் 310 கிலோ இடம் மாறுகிறது. ஸ்பிரிங்கை விறைப்பாக்கினாலும் இளக்கினாலும் இந்த 310 கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். அதில் முன் அச்சின் பங்கு எவ்வளவு, பின் அச்சின் பங்கு எவ்வளவு என்பதைத்தான் நம்மால் மாற்ற முடியும்.

அந்தப் பங்கீடு ஏன் முக்கியம்? டயர் மேல் எடையை இரு மடங்காக்கினால் பிடிப்பு இரு மடங்காவதில்லை. அதற்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். அதனால் ஓர் அச்சில் உள்டயர் இழந்த பிடிப்பை வெளிடயரால் முழுதாக ஈடுகட்ட முடியாது. எந்த அச்சில் அதிக எடை இடம் மாறுகிறதோ அந்த அச்சின் மொத்தப் பிடிப்பு குறையும். முன், பின் இரண்டில் எந்தப் பக்கத்தை விறைப்பாக்குகிறோமோ அந்தப் பக்கம் முதலில் வழுக்கத் தொடங்கும். முன்னால் தடிமனான ஸ்டெபிலைசர் பார் (இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) போட்டால் அண்டர்ஸ்டியர் கூடும். பின்னால் போட்டால் மூக்கு திரும்பத் தொடங்கும்.

ஸ்ட்ரட் வண்டிகளில் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வண்டி சாயும்போது வெளிப்பக்க முன்டயர் தரையில் தட்டையாக நிற்காமல் வெளிவிளிம்பில் ஏறிவிடும். அந்தச் சாய்வைக் குறைப்பதற்காக முன்னால் கொஞ்சம் விறைப்பாக்கினால் சில சமயம் அண்டர்ஸ்டியர் குறையவும் செய்யும். கேம்பர், அதாவது சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம், சரியாக இல்லாத வண்டியில்தான் இப்படி நடக்கும். அதனால்தான் பார், ஸ்பிரிங் வாங்குவதற்கு முன் கேம்பரைப் பார்க்கச் சொல்கிறேன்.

ஊரில் செய்ய வேண்டியவை

தேய்ந்த பாகங்களில் தொடங்குங்கள். லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராடு எண்ட், ஸ்ட்ரட் மவுண்ட், பின் பீமின் புஷ், வீல் பேரிங். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தை மேலும் கீழும், இடமும் வலமும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அதை மாற்றாமல் அலைன்மென்ட் செய்வது வீண். காலையில் வைத்த அளவு மாலையில் இருக்காது. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். டயர் நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும். டயரின் பக்கச்சுவரில் தயாரித்த வாரமும் வருடமும் நான்கு இலக்கத்தில் இருக்கும், பாருங்கள். காய்ந்து இறுகிய டயரை வைத்துக்கொண்டு சஸ்பென்ஷனைக் குறை சொல்லக் கூடாது.

அடுத்தது எடை. காரைக்குடியில் அரிசி மில், லாரி ஷெட்டுகள் இருக்கிற பக்கம் எடைமேடை இருக்கும். முழு வண்டியையும் ஒரு முறை எடை போடுங்கள். அப்புறம் முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்தி இன்னொரு முறை. பெரிய எடைமேடை 5 அல்லது 10 கிலோ படியில்தான் காட்டும். நம் தேவைக்குப் போதும். இந்த அளவை எடுத்துவைத்தால் ஒரு விஷயம் தெளிவாகும். எடை குறைக்கிறேன் என்று பின்சீட்டையும் ஸ்டெப்னியையும் கழற்றுகிறவர்கள் நிறையப் பேர். முன்னால் 620, பின்னால் 380 கிலோ இருந்த வண்டியில் 50 கிலோ கழற்றினால், அதில் 45 கிலோவாவது பின் அச்சிலிருந்துதான் போகும். முன்பங்கு 62 சதவீதத்திலிருந்து 65-ஐ நெருங்கிவிடும். வண்டி லேசாகிறது, ஆனால் மூக்கு கனக்கிறது. கழற்றாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கழற்றிய பிறகு சமநிலை மாறியிருக்கும் என்பதை எதிர்பார்த்து இருங்கள்.

இனி அளவெடுப்பு. இதில் நேரம் செலவிடுவது வீண்போகாது.

கணினி வைத்த வீல் அலைன்மென்ட் கடைக்கே போகலாம், தவறில்லை. ஆனால் அங்கே பெரும்பாலும் கம்பெனி சொன்ன எல்லைக்குள் பச்சை நிறம் வந்தால் வேலை முடிந்தது என்பார்கள். ட்ராக்கில் இரண்டு செஷனுக்கு நடுவில் சரிபார்க்கவும் அந்த மெஷின் வராது. நூல், தூக்குக்குண்டு, டியூப் லெவல், இரும்பு அடிக்கோல் இருந்தால் நீங்களே அளந்துவிடலாம். இந்த ஊரின் பெரிய வீடுகளின் சுவர்களை நேராக நிறுத்தியது நூலும் தூக்குக்குண்டும்தான். ஒரு காரின் சக்கரத்தை அளக்க அவை தாராளமாகப் போதும். தெரிந்த கொத்தனாரிடம், "அண்ணே, டியூப் லெவலை ஒரு நாளைக்குக் குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தளம் சமமாக இருக்க வேண்டும். நெல் காயவைக்கும் சிமெண்டுக் களமோ வீட்டுப் போர்டிகோவோ பார்க்கச் சமமாகத்தான் தெரியும். ஆனால் மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வாட்டம் வைத்துத்தான் பூசியிருப்பார்கள். நான்கு சக்கரங்களும் நிற்கும் இடங்களைச் சுண்ணாம்பால் குறித்து, டியூப் லெவலால் உயரம் பாருங்கள். தாழ்ந்த இடத்தில் இரும்புத் தகடுகளை அடுக்கிச் சமன் செய்யுங்கள். ஆத்தங்குடிக் கல்லை அடியில் வைக்க நினைக்காதீர்கள், சக்கரத்தின் பாரத்தில் விளிம்பு உடைந்துவிடும். முன்சக்கரங்களுக்கு அடியில் இரண்டிரண்டு தகடுகள் வைத்து நடுவில் கிரீஸ் தடவுங்கள். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கும்போது டயர் விலகிச் சரியான இடத்தில் உட்கார அது உதவும்.

டேங்கில் பாதி பெட்ரோல், ட்ராக்கில் ஓட்டும் காற்றழுத்தம், ஓட்டுநர் சீட்டில் உங்கள் எடைக்கு ஈடான பாரம். 25 கிலோ அரிசி மூட்டை மூன்று வைத்தால் 75 கிலோ ஆகிவிட்டது. முன்னும் பின்னும் வண்டியை அமுக்கி விட்டு, ஸ்பிரிங் அடங்கிய பிறகு அளக்கத் தொடங்குங்கள்.

கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்பது. மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ். ஃபெண்டரிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலிலிருந்து ரிம்மின் மேல் விளிம்புக்கு எவ்வளவு, கீழ் விளிம்புக்கு எவ்வளவு என்று அளங்கள். 15 அங்குல ரிம்மின் வெளிவிளிம்பு ஏறத்தாழ 400 மில்லிமீட்டர் விட்டம். அதில் 7 மில்லிமீட்டர் வித்தியாசம் ஒரு டிகிரி. கம்பெனி அமைப்பில் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். ட்ராக்குக்கு முன்னால் 2 முதல் 3 டிகிரி நெகட்டிவ் நல்ல இலக்கு. ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) சேரும் இடத்தில் கேம்பர் போல்ட் போட்டால் ஒன்று, ஒன்றரை டிகிரி கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஸ்ட்ரட்டின் மேல்முனையை உள்ளே நகர்த்தும் கேம்பர் பிளேட். தொடக்கத்துக்குப் போல்ட்டே போதும். பின்பக்கம் பீம் என்பதால் ஹப்புக்கும் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) பீமுக்கும் நடுவே ஷிம் எனும் மெல்லிய தகடு வைத்துத்தான் மாற்ற வேண்டும். முதல் வருடம் அதைத் தொட வேண்டாம்.

டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் எவ்வளவு உள்ளே (டோ இன்) அல்லது வெளியே (டோ அவுட்) திரும்பி நிற்கிறது என்பது. கேம்பரை மாற்றினால் டோவும் மாறும். அதனால் டோவைக் கடைசியில் வையுங்கள். வண்டியின் இரு பக்கமும் ஹப் உயரத்தில், ஸ்டாண்டுகளுக்கு நடுவே நூலை இழுத்துக் கட்டுங்கள். முன் அச்சில் இரு பக்க ஹப் மையங்களும் நூலிலிருந்து ஒரே தூரம், பின் அச்சிலும் அப்படியே. முன்னும் பின்னும் அகலம் வேறு என்பதால் முன் அளவும் பின் அளவும் ஒன்றாக இருக்காது, குழம்ப வேண்டாம். ஸ்டியரிங்கை நேராகக் கட்டிவைத்து, ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நூலிலிருந்து தூரம் அளங்கள். முன்விளிம்பு நூலுக்கு நெருக்கமாக இருந்தால் டோ அவுட். முன்னால் பூஜ்யம், அல்லது மொத்தம் 2 மில்லிமீட்டர் வரை டோ அவுட் வைக்கலாம். திருப்பியவுடன் மூக்கு கூர்மையாகப் பதில் சொல்லும். பின்னால் பூஜ்யமோ சின்ன டோ இன்னோ இருந்தால் நல்லது. பின்னால் டோ அவுட் இருந்தால் வண்டி எளிதாகச் சுழலும், புதியவர்களுக்கு அது வேண்டாம். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடை இரு பக்கமும் சமமாக, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, லாக் நட்டை இறுக்கி, மறுபடி அளங்கள்.

எல்லா அளவையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். அது உங்கள் அடிப்படை அமைப்பு. ட்ராக்கில் வண்டி கெட்டுப்போனால் திரும்பி வர ஓர் இடம் வேண்டும்.

சோதித்துப் பார்க்கப் பைபாஸுக்குப் போகாதீர்கள். பிடிப்பின் எல்லையைத் தேடும் வேலை எதிரே டிவிஎஸ் எக்ஸெல்லும் ஆட்டுமந்தையும் வருகிற சாலையில் நடக்கக் கூடாது. செட்டிநாட்டில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அனுமதியில்லாமல் அங்கே நுழையக் கூடாது. நேர்கோட்டில் ஓடினால் சமநிலையைப் பற்றி ஒன்றும் தெரியவும் செய்யாது. செம்மண் பொட்டலில் சுற்றிப் பார்த்தாலும் அந்தப் பாடம் தார்த்தளத்துக்குப் பொருந்தாது. இன்னொன்று: பதிவான வண்டியில் அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. நிறைய மாற்றப்போகிற வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோவதே முறை.

ட்ராக்கில்

முதல் செஷன் டயர் காற்றழுத்தத்துக்கு மட்டும். நான்கைந்து சுற்று ஓட்டிவிட்டு உள்ளே வந்தவுடன், டயர் ஆறும் முன், நான்கையும் அளங்கள். காலையில் 27 டிகிரியில் 30 பி.எஸ்.ஐ. வைத்த டயரின் உள்காற்று 77 டிகிரிக்குப் போனால் அழுத்தம் 37-ஐத் தாண்டும். சாதாரண ரோடு டயருக்குச் சூடான நிலையில் 33 முதல் 36 வரை வைத்துத் தொடங்கலாம். அதிகமிருப்பதை இறக்கி நான்கையும் இலக்குக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கத் திருப்பங்கள் அதிகமுள்ள ட்ராக்கில் ஒரு பக்க டயர்கள் கூடுதலாகச் சூடாகும். அதனால் சூட்டில் சமமாக வைத்தால் ஆறிய பிறகு சமமாக இருக்காது, அது சரிதான். மதிய வெயிலில் தளம் கொதிக்கும்போது மறுபடி பாருங்கள்.

டயரின் தோள்பட்டையில், ட்ரெட்டிலிருந்து (தரையில் படும் பகுதி) பக்கச்சுவர் வரை சாக்பீஸால் மூன்று இடத்தில் கோடு போடுங்கள். ஓட்டி வந்தபின் சாக் எதுவரை அழிந்திருக்கிறது என்று பாருங்கள். பல டயர்களில் தோளில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். அதை ஒட்டி அழிந்தால் சரி. அதையும் தாண்டிப் பக்கச்சுவருக்கு இறங்கினால் காற்று போதவில்லை அல்லது கேம்பர் போதவில்லை. ஊசி வைத்த வெப்பமானி கிடைத்தால் ட்ரெட்டின் உள், நடு, வெளி மூன்று இடத்திலும் குத்திப் பாருங்கள். நடுப்பகுதி மட்டும் சூடு என்றால் காற்று அதிகம். வெளிப்பகுதி அதிகச் சூடு என்றால் இன்னும் நெகட்டிவ் கேம்பர் வேண்டும். உள்பகுதி வெளியைவிட ஏழெட்டு டிகிரி கூடுதலாக இருந்தால் கவலையில்லை. துப்பாக்கி மாதிரியான இன்ஃப்ராரெட் கருவி மேல்தோலைத்தான் அளக்கும். பிட்டுக்குள் வருவதற்குள் அது ஆறிவிடும்.

இரண்டாவது செஷனில் எதையும் மாற்றாமல் ஓட்டுங்கள். அடுத்தடுத்த சுற்று நேரங்கள் ஒரு வினாடிக்குள் வரும்வரை சஸ்பென்ஷனைப் பற்றி யோசிக்க வேண்டாம். வளைவுக்குள் வேகமாக நுழைந்து, ஸ்டியரிங்கை வெடுக்கென்று அதிகமாகத் திருப்பினால் எந்த வண்டியும் மூக்கைத் தள்ளும். அதற்கு மருந்து பிரேக்கைச் சீக்கிரம் பிடிப்பது, ஸ்பேனர் அல்ல.

ஓட்டம் சீரான பிறகு, கோளாறு வளைவின் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். நுழையும்போது மட்டும் மூக்கு தயங்கினால் டோவையும் பிரேக் விடும் விதத்தையும் பாருங்கள். நடுவில், ஸ்டியரிங்கும் ஆக்சிலரேட்டரும் நிலையாக இருக்கும்போது தள்ளினால்தான் அது உண்மையான சமநிலைக் கோளாறு. கேம்பர், காற்று, பார், ஸ்பிரிங் எல்லாம் பேசுவது இங்கேதான். வெளியேறும்போது மட்டும் என்றால், முன்சக்கரம் இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும் என்று திணறுகிறது. ஆக்சிலரேட்டரை மெதுவாகத் திறந்து, ஸ்டியரிங்கை நேராக்கிக்கொண்டே வாருங்கள். முதலில் நன்றாகத் திரும்பிக்கொண்டிருந்த வண்டி பாதி வளைவில் திடீரென்று தள்ளினால், முன் ஸ்ட்ரட் அமுங்கும் எல்லையில் உள்ள ரப்பர் தடுப்பில், அதாவது பம்ப் ஸ்டாப்பில், போய் முட்டியிருக்கலாம். ஷாக் அப்சார்பர் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கமில்லாமல் கட்டிவிடுங்கள். எவ்வளவு தூரம் அமுங்கியது என்று அது காட்டிக்கொடுக்கும். செலவு ஒன்றிரண்டு ரூபாய். அதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். நடு வளைவில் அண்டர்ஸ்டியர் என்றால் முதலில் பின்டயரில் 2 பி.எஸ்.ஐ. ஏற்றிப் பாருங்கள். பலன் தெரிந்தால் எந்தத் திசையில் போக வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அடுத்து முன் கேம்பர். அதற்கும் பிறகுதான், ஊருக்கு வந்து, பின்னால் பார் போடுவதா என்ற கேள்வி. ஒரு மாற்றம் உதவியது என்று தோன்றினால் பழையபடி வைத்து ஒரு முறை ஓட்டி உறுதி செய்யுங்கள். டயர் சூடானதாலோ உங்கள் கை பழகியதாலோ நேரம் குறைந்திருக்கலாம்.

புதியவர் வண்டியில் கொஞ்சம் அண்டர்ஸ்டியர் இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. முன்சக்கர இழுவை வண்டியில் வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால் எடை முன்னால் பாய்ந்து, பின்பக்கம் லேசாகி, வால் சுற்றிவிடும். பின்னால் விறைப்பாக்க விறைப்பாக்க இந்தக் குணம் கூடும். காலை அடக்கிப் பழகிய பிறகு அந்தப் பக்கம் போகலாம்.

பாகம் வாங்கும் கட்டம்

உயரத்தை 25, 30 மில்லிமீட்டருக்கு மேல் இறக்காதீர்கள். ஸ்ட்ரட் வண்டியில் லோயர் ஆர்மின் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கை) வெளிமுனை உள்முனையைவிட மேலே ஏறிவிட்டால், எடை மையம் இறங்கியதைவிட வேகமாக ரோல் சென்டர் (வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) இறங்கிவிடும். வண்டி தாழ்வாக இருந்தும் அதிகமாகச் சாயும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது நம் பக்கத்துப் பட்டறைகளில் இன்னும் நடக்கிறது. வெட்டிய ஸ்பிரிங்கின் முனை அது உட்காரும் கிண்ணத்தில் சரியாக உட்காராது, சக்கரம் தொங்கும்போது கழன்றுவிடக்கூடும். கேஸ் வைத்து வெட்டினால் இரும்பின் பதமும் போய்விடும். பின் பீமில் குழாயை வெல்டிங் வைத்துப் பார் செய்து தருகிறேன் என்று லேத்துக்காரர் சொன்னாலும் வேண்டாம். அந்த பீம் முறுக்குவதற்கென்றே செய்தது. தவறான இடத்தில் வெல்டிங் வைத்தால் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும். போல்ட்டில் மாட்டும் தயார் பாரை வாங்குங்கள்.

அட்ஜஸ்ட் செய்யும் ஷாக் அப்சார்பர் கடைசி. வண்டி ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும் வேகத்தைத்தான் அது கட்டுப்படுத்துகிறது. நடு வளைவின் சமநிலையை அது மாற்றாது. வாங்கினால், எல்லா கிளிக்கையும் இளக்கத்தில் வைத்துத் தொடங்கி, இரண்டிரண்டு கிளிக்காக ரீபவுண்டை (அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப விரிவதை அடக்கும் விறைப்பு) ஏற்றுங்கள். வண்டி மேட்டில் குதிக்கத் தொடங்கினால் ஒரு படி பின்வாங்குங்கள்.

திரும்பும் முன்

சூட்டில் 34-க்கு இறக்கிய டயர் ஆறியதும் 27-ஐ ஒட்டி வந்துவிடும். வண்டியை ஓட்டிக்கொண்டே ஊர் திரும்புகிறீர்கள் என்றால் ட்ராக்கை விட்டு வெளியே வந்தவுடன் காற்றை நிரப்புங்கள். வீல் நட்டுகளையும் கேம்பர் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்து, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். இறுக்கிய போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், அடுத்த முறை பார்த்தவுடன் நகர்ந்திருக்கிறதா என்று தெரியும். ஊர் வந்ததும் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். நம் செம்மண் தூசி ஷாக் அப்சார்பர் சீலிலும் பால் ஜாயின்ட் ரப்பரிலும் ஒட்டிக்கொண்டால் உள்ளேயிருக்கும் கிரீஸோடு கலந்து தேய்த்துத் தின்றுவிடும். கழுவிய மறுநாள் நூலைக் கட்டி டோவை ஒரு முறை அளந்து, நோட்டில் போகும்முன் எழுதியதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எந்தப் புஷ், எந்தப் போல்ட் என்று தேடத் தொடங்குங்கள்.